வடகரையார் பங்களா

1

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் காவ்யா சட்டையும் பேண்ட்டும் போட்டு, காலில் கேன்வாஸ் ஷூவையும் மாட்டிக்கொண்டு நீச்சல் குளத்துக்குள் குதித்தாள். அவளுக்கு ஏழு வயது. அவளோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லோரும் அதே மாதிரி முழு உடுப்போடு.

நாங்கள் இருக்கும் நெதர்லாந்தில் இது ஒரு பரீட்சை. இந்த நாடு முழுக்க வாய்க்கால். பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளை சைக்கிளோடு தண்ணீரில் விழுந்தால் தானாகக் கரையேற வேண்டும், விழுகிறவர்கள் யாரும் நீச்சல் உடையில் விழுவதில்லை என்பது இவர்கள் கணக்கு. நியாயமான கணக்குதான்.

நான் இந்த ஊருக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இன்னும் டச்சு மொழி என் நாக்கில் உட்காரவில்லை. காவ்யாவை முதல்முதலாகக் குளத்துக்குக் கூட்டிப்போன அன்று, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் குழாய் எங்கே இருக்கிறது என்று அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. இவர்கள் மொழியில் 'டிரிங்கன்' என்றால் குடிப்பது. முன்னால் ஒரு 'ஃபெர்' சேர்ந்துவிட்டால் முங்கிச் சாவது. பிள்ளைகள் எங்கே முங்கிச் சாகலாம் என்று கேட்டிருக்கிறேன். பெரியவன் கதிர் அன்றிலிருந்து என்னோடு அந்தப் பக்கம் வருவதில்லை. அவனுக்குப் பதினைந்து வயது. என் டச்சு அவனுக்கு அவமானம், என் தமிழ் அவனுக்கு அலுப்பு.

பரீட்சையில் கடினமான கட்டம் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு அதில் ஓட்டை போட்டிருப்பார்கள். பிள்ளை முங்கிப்போய் அந்த ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். வீட்டில் பல நாளாக அதே பேச்சு. "அப்பா, நான் ஓட்டை உள்ள போகுது, அப்ப நீ பாக்கணும்" என்று தன் உடைந்த தமிழில் காலையில்கூடச் சொல்லித்தான் போனாள்.

அவள் முறை வருகிற நேரத்தில் என் போன் அதிர்ந்தது. தென்காசியிலிருந்து செல்லத்துரை. ஒரு படம் அனுப்பியிருந்தான். மஞ்சள் நிற ஜேசிபி, அதன் முன்னால் பாதி நிற்கும் சுவர், தரை முழுக்க உடைந்த ஓடு. பின்னால் எங்கள் பலாமரம் மட்டும் முழுசாக இருந்தது. படத்துக்குக் கீழே 'முடிஞ்சிட்டுலே' என்று எழுதியிருந்தான்.

என் மனைவி உமா முழங்கையால் இடித்தாள். நிமிர்ந்து பார்த்தேன். காவ்யா மறுபக்கம் வந்து, கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பார்வையாளர் மாடியில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் கை தட்டினேன்.

2

தென்காசிக்காரர்களில் கொஞ்சம் வயதானவர்களுக்கு, ஐந்தருவி போகிற ரோட்டில் இருந்த வடகரையார் பங்களாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சாரல் காலத்துக்கென்றே குற்றாலத்தில் ஒரு வீடு கட்டிப் போடுவது அந்தக் காலத்தில் கையில் காசுள்ளவர்களின் வழக்கம். இது வடகரையில் நெல்லும் தென்னையும் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வீடு. சங்கரலிங்கம் முதலாளியின் அப்பா கட்டியது. ஓட்டு வீடு, நடுவில் நீளமான கூடம், இரண்டு பக்கமும் அறைகள். பின்னால் படிக்கட்டு வைத்த பெரிய கிணறு. ஆனி, ஆடியில் குடும்பம் வந்து தங்கும். மற்ற மாதமெல்லாம் பூட்டிக் கிடக்கும்.

சங்கரலிங்கம் முதலாளிக்கு வெகுநாள் பிள்ளை இல்லை. பண்பொழி திருமலைக்கோயிலுக்குப் படியேறி வேண்டிக்கொண்டு பிறந்த பையனுக்குக் குமரன் என்று பேர் வைத்தார். அவனுக்குப் பிறகு ஒரு பெண் குழந்தை, கோமதி. குமரனுக்குப் பதினாறு வயது இருக்கும்போது, ஒரு ஆடி மாதம், பங்களாவிலிருந்து கூட்டாளிகளோடு அருவிக்குக் குளிக்கப் போனான். மலைக்கு மேலே மழை பெய்திருக்கிறது. கீழே வெயில் அடித்திருக்கிறது. வெள்ளம் வந்தபோது மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்குக் கை எட்டவில்லை.

அவனைத் தேடிச் சிற்றாற்றில் இறங்கியவர்கள் மேலகரம், இலஞ்சிப் பக்கத்து இளவட்டங்கள். கூலி பேசிக்கொண்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இலஞ்சிக்குக் கீழே உடலை எடுத்துக் கரையில் போட்டவர்களும் அவர்கள்தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு முதலாளி அவர்களைக் கூப்பிட்டு, பங்களா சாவியைக் கையில் கொடுத்து, "இனிமே எங்க குடும்பம் இங்கன தங்காது. நீங்க தங்குங்க. சீசன் முடியுத வரைக்கும் அருவில நில்லுங்க. இன்னொரு வீட்டுப் பிள்ள போகக் கூடாது" என்றாராம்.

அருவிக்கரை இளைஞர் மன்றம் அப்படித்தான் உண்டானது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனையும் கூடத்தில் உட்காரவைத்து மூத்தவர்கள் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்குச் சொன்னார்கள். பிறகு நானும் செல்லத்துரையும் மற்றவர்களுக்குச் சொன்னோம். பத்திரம் எதுவும் எழுதவில்லை. அவர் வாயால் சொன்னார், எல்லோரும் கேட்டார்கள், அத்தோடு சரி. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

3

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது மன்றத்தில் சேர்ந்தேன். அதே வருஷம் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தவன் செல்லத்துரை. அவன் வீட்டில் சூரியகாந்தி போட்டிருந்தார்கள். குட்டையான உருவம், அகலமான தோள். தண்ணீருக்குள் போனால் வேறு ஆளாகிவிடுவான். கிணற்றின் அடியில் ஒரு பழைய அம்மிக்கல் கிடக்கும். முங்கிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவனைத்தான் அருவியில் நிற்க விடுவார்கள். எனக்கு அதற்கு ஒரு கோடை முழுக்க ஆனது. செல்லத்துரை வந்த அன்றைக்கே தூக்கிவந்து படியில் வைத்துவிட்டு, "இதான் கல்லா?" என்று கேட்டான்.

எங்கள் வேலை பெரும்பாலும் சும்மா நிற்பதுதான். லாரி டியூபும் கயிறும் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வெள்ளம் வருவதற்கு முன்னால் தண்ணீரின் நிறம் லேசாக மாறும். செம்மண் கரைந்த மாதிரி இருக்கும். சருகும் குச்சியும் வரும். அதைப் பார்த்ததும் விசில் ஊத வேண்டும். ஊதினால் கூட்டம் நகராது. வெளியூரிலிருந்து ராத்திரி முழுக்க வேனில் வந்தவர்கள், தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பவர்கள், பதினெட்டு வயதுப் பையன் விசில் ஊதினால் போவார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் நடந்தது. நான் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பாறையோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். செல்லத்துரை கத்திப் பார்த்தான். பிறகு உள்ளே பாய்ந்து அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்துவந்தான். அவர் மனைவியும் மக்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து காலை ஊன்றியதும் அவர் செய்த முதல் காரியம், செல்லத்துரையின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை.

"யார் மேலடா கை வைக்கற, பொறுக்கி?"

அவர் பேசி முடிப்பதற்குள் வெள்ளம் இறங்கிவிட்டது. அவர் நின்ற பாறையே தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேன் நிற்கிற பக்கம் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

பங்களாவுக்கு வந்த பிறகும் செல்லத்துரையின் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. நாங்கள் எல்லோரும் கொதித்துப் போயிருந்தோம். அவன்தான் சிரித்தான். "அடிக்கதுக்கு அந்தாளுக்குக் கை இருக்குல்லா? அது போதும்லே" என்றான்.

என் வாழ்க்கையில் நான் உபயோகமாக இருந்த காலம் அதுதான். இப்போது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, எந்தக் கண்ணுக்கும் தெரியாத அளவில் ஒரு கம்ப்யூட்டர் சில்லின் கோளாறுகளைச் சரிபார்க்கிறேன். சம்பளம் நல்ல சம்பளம். நான் ஒரு நாள் வராவிட்டால் அந்தக் கட்டடத்தில் யாரும் சாக மாட்டார்கள்.

4

பிறகு அருவிக்குப் போலீஸ் வந்தது. புதுக் கம்பிகளும் எச்சரிக்கைப் பலகைகளும் வந்தன. தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுக் கூட்டத்தை வெளியேற்றிவிடுகிறார்கள். அது நல்ல காரியம். எங்கள் விசிலுக்கு நகராத கூட்டம் லத்திக்கு நகர்ந்தது. எங்களுக்குத்தான் அங்கே நிற்க இடமில்லாமல் போனது.

பங்களா சும்மா இருக்க வேண்டாம் என்று செல்லத்துரை அதைப் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் இடமாக மாற்றினான். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுக்குப் போலீஸோ பட்டாளமோதான் கனவு. விடிகிற நேரத்தில் வாசலில் ஓட்டம், பலாமரத்தில் கயிறு கட்டி ஏற்றம், கூடத்தில் பொது அறிவு வகுப்பு. வருஷா வருஷம் பையன்கள் தேறினார்கள். தேறிய கையோடு போனார்கள். ஒருவன் ஆவடி, ஒருவன் அசாம், ஒருவன் காஷ்மீர். படிப்பு வந்தவர்கள் என்னைப் போலச் சென்னைக்குப் போய், பெங்களூருக்குப் போய், அப்படியே விமானம் ஏறினார்கள். ஊரைவிட்டுப் போகத் தயார் செய்கிற இடமாக அந்த வீடு எப்போது மாறியது என்று யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் அதைச் சாதனை என்று நினைத்தோம். போகிற பையனுக்குச் சால்வை போர்த்திப் போட்டோ எடுத்தோம்.

செல்லத்துரை இரண்டு தடவை போலீஸ் தேர்வுக்குப் போனான். ஓட்டத்திலும் கயிற்றிலும் முதலில் வந்தான். உயரம் பத்தவில்லை. மூன்றாம் தடவை அவன் போகவில்லை. மேலகரத்தில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை போட்டான். கல்யாணம் செய்தான். காலையில் பங்களாவைத் திறந்து, பெருக்கி, பையன்களை ஓடவிட்டு, பிறகு கடைக்குப் போவான். அவனை மன்றத்தின் செயலாளர் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து போனில் தேர்ந்தெடுத்தோம்.

கொஞ்சநாளில் பையன்கள் வருவதும் குறைந்தது. தென்காசியிலேயே பெரிய பயிற்சி நிலையங்கள் வந்துவிட்டன. பங்களாவின் மேற்குப் பக்கக் கூரை இறங்கியது. அதைச் சொல்லி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செல்லத்துரை படம் போட்டான். பதிலுக்கு நிறையக் கும்பிட்ட கைகள் வந்தன. மறுநாள் காலை யாரோ ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போட, கூரை மேலே போய்விட்டது.

5

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தேன். போன இரண்டாம் நாள் செல்லத்துரை வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை. சங்கரலிங்கம் முதலாளி எப்போதோ காலமாகிவிட்டார். இப்போது சொத்து அவர் மகள் கோமதி பேரில். கோமதியின் மகன்கள் பெங்களூரில் இருந்து வந்து, இடத்தை அளந்து, ஒரு ரிசார்ட் கம்பெனிக்குப் பேசி முடித்துவிட்டார்கள் என்றான்.

மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். காவ்யாவுக்கு அப்போது நாலு வயது. கிணற்றுப் படியில் தவளையைப் பார்த்து அலறி, உமாவின் தோளை விட்டு இறங்கவில்லை. கதிர் கூடத்தில் நின்று மேலே பார்த்தான். ஓடு விழுந்த இடத்தில் வானம் தெரிந்தது.

"இது யார் வீடுப்பா?"

"எங்க வீடு மாதிரி."

"மாதிரின்னா? உங்க பேர்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப எப்படி உங்க வீடு?" என்று கேட்டுவிட்டு வெளியே காருக்குப் போய்விட்டான். பதின்மூன்றுகூட ஆகாத பையன் ஒரு வக்கீலைவிடத் தெளிவாகக் கேட்டுவிட்டான்.

கோமதி அக்காவை நேரில் பார்த்துப் பேசிவிடுவோம் என்று முடிவுசெய்தோம். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அதுவரை அவரைப் பார்த்ததே இல்லை. மன்றத்துக்கு முதலாளி மட்டும்தான் வருவார். வருஷத்தில் ஒரு நாள், குமரனின் நினைவு நாளில் வந்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். வீட்டிலிருந்து வேறு யாரும் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருவனுக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

செல்லத்துரையின் பைக்கில் வடகரைக்குப் போனோம். நடவு முடிந்த வயல். வீட்டு முற்றத்தில் தேங்காய் குவித்து, அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி போல. நாங்கள் யாரென்று சொன்னதும் உள்ளே பார்த்துக் காப்பி போடச் சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை.

நான்தான் பேசினேன். வீட்டின் பெருமையை, எத்தனை வருஷம் நின்றோம், எத்தனை பேரைத் தூக்கினோம் என்பதை, குமரன் பேரில் ஒரு நினைவு மண்டபம் மாதிரி அதைச் சரிசெய்யலாம் என்பதை, எல்லாம் சொன்னேன். வெளிநாட்டில் கூட்டங்களில் பேசிப் பழகிய பேச்சு. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"பேசி முடிச்சாச்சா தம்பி?"

"ஆமாக்கா."

"எங்கையா சாவி குடுத்த கதைய எல்லாரும் சொல்லுதிய. எங்கம்மைட்ட ஒரு வார்த்த கேக்காம குடுத்தாருன்னு யாரும் சொல்ல மாட்டிய. ஒங்களுக்குத் தெரியாதுல்லா?"

அக்கா நீட்டியிருந்த காலைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"அண்ணன் போன பெறவு எங்கம்மை கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அந்த வீட்டப் பூட்டிப் போடுங்கன்னா. எங்கையாவும் பூட்டிட்டேன்னு சொல்லிட்டாரு. அவளும் நம்பிட்டா. மறுவருசம் ஆடில, வாசல்ல பயலுவ வந்து நிக்கானுவ. எல்லாம் பதினஞ்சு பதினாறு வயசு. வெள்ளப் பனியன். பனியன்ல எங்கண்ணன் பேரு. அம்மா, நினைவு நாளுக்கு வரணும்னு கூப்புடுதானுவ."

செல்லத்துரை காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் பக்கத்துல நிக்கேன். பன்னெண்டு பதிமூணு வயசு எனக்கு. எங்கம்மை ஒவ்வொருத்தன் மொகமாப் பாக்கா. பெறவு உள்ள போய்ப் படுத்துட்டா. அதுக்கப்புறம் எங்கையாட்ட அவ பேசவே இல்ல தம்பி. சாகுத வரைக்கும் பேசல. சோறு போடுவா. வேட்டி தொவச்சு வைப்பா. பேச்சு கெடையாது. ஒவ்வொரு சீசனுக்கும், பஸ்ஸு போற சத்தம் கேட்டா எங்கிட்ட கேப்பா: ஏட்டி, அங்கன இப்பம் பயலுவ சிரிச்சுக்கிட்டு இருப்பானுவல்லா? நான் என்னத்தச் சொல்ல?"

அவர் குரல் உயரவில்லை. யாரையும் குற்றம் சொல்கிற குரலும் இல்லை. பலமுறை தனக்குள் சொல்லி முடித்துவிட்ட ஒன்றைக் கடைசியாக வெளியே சொல்கிற மாதிரி இருந்தது.

செல்லத்துரை மெதுவாகச் சொன்னான்: "நாங்க நெறையப் பேரத் தூக்கிருக்கோம்க்கா. அவுகள்லாம் இன்னைக்கு உசுரோட இருக்காவ."

"தூக்கிருக்கிய. யாரு இல்லன்னா? எங்கண்ணனத் தூக்கலியே."

அக்காவே மறுபடி பேசினார். "பயலுவ விக்கணும்னு சொல்லுதானுவ. அவனுவளுக்குத் துட்டு. எனக்கு அது இல்ல. அந்த வீடு தரமட்டமாப் போட்டும். எங்கம்மைக்கு நான் செய்யுததுக்கு இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

கிளம்பும்போது ஆளுக்கு இரண்டு தேங்காய் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. திரும்பி வரும் வழியில் கால்வாய்க் கரையில் செல்லத்துரை பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். "அந்தப் பனியன் நாமளும் போட்டிருக்கோம்லா?" என்றான்.

6

நான் விடவில்லை. நெதர்லாந்து திரும்பியதும் வழக்குப் போடச் சொல்லித் தென்காசியில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். தூரத்தில் இருப்பவர்களுக்கு வீரம் கொஞ்சம் அதிகம். வக்கீல் சொன்னார், மன்றத்தின் பதிவைப் புதுப்பிக்கவே இல்லை, முதலில் அதைச் செய்ய வேண்டும், நிர்வாகிகள் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் அதிகாரம் எழுதி அனுப்ப வேண்டும். நிர்வாகிகளில் நான் நெதர்லாந்தில், ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் எல்லைப் படையில், ஒருவன் உயிரோடு இல்லை. மிச்சம் செல்லத்துரை.

மன்றத்துப் பதிவில் நான் அ. இசக்கிமுத்து. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் என் அப்பா பெயரை எழுத வேண்டியதாகிவிட்டது. அதனால் இந்த நாட்டுக்கு நான் திரு. அருணாசலம். பல் டாக்டரிடம் போனால் அருணாசலம் என்று கூப்பிடுவார்கள். இறந்துபோன என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவேன். என் பிள்ளைகளும் அருணாசலங்கள். ஆபீஸில் இசக்கிமுத்து சொல்ல வராமல் இசாக் ஆக்கிவிட்டார்கள். இப்போது இசக்கிமுத்துவும் அருணாசலமும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். ரயிலேறிப் போய் இந்தியத் தூதரகத்தில் ஒரு கவுன்ட்டர் முன்னால் நின்றேன். உள்ளே இருந்தவர் அமைதியானவர். இந்த இரண்டு பெயரும் ஒன்றுதான் என்று ஊரிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்றார். ஊரில் கேட்டால், ஆள் நேரில் வர வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் அவர்கள் சொன்னது சரிதான். யார்மீதும் கோபப்பட வழியில்லை.

ஒரு வருஷத்துக்கும் மேலாக அலைந்து ஒருவழியாகத் தாள்களைச் சேர்த்தேன். அனுப்பப் போகிறேன் என்று வக்கீலுக்குப் போன் செய்தபோது, செயலாளர் வந்து வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாரே, உங்களுக்குத் தெரியாதா என்றார்.

செல்லத்துரையைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஏன்லே விட்ட? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"ஒங்கிட்ட கேட்டா வேண்டாம்ப. அதான் கேக்கல."

"எத்தன வருசத்து வீடுலே அது?"

அவன் பதிலுக்குக் கத்தவில்லை. "நீ அங்கன இருந்து சொல்லுத. நான் தினமும் அந்தக் கதவத் தொறக்கணும். தொறக்கும்போதெல்லாம் உள்ள அந்த அம்மா நிக்காப்ல இருக்கு. ஒவ்வொருத்தன் மொகமாப் பாக்காப்ல இருக்கு. என்னால முடியலலே. கூட நின்னு பெருக்க நாலு பயலுவ இருந்தாலும் சரிங்கலாம். ஒருத்தனும் இல்ல. நான் ஒத்தைல நின்னு யாருக்காவச் சண்ட போட?"

இணைப்பைத் துண்டித்தது நான்தான். பக்கத்து அறையில் கதிர் டச்சில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அதில் பாதி எனக்குப் புரியவில்லை.

7

பரீட்சை அன்று காவ்யா சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தாள். காரில் வரும்போது கேட்டாள், "நான் ஓட்டை உள்ள போனது பாத்தியா?" பார்த்தேன் என்றேன். உமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து செல்லத்துரைக்குப் போன் செய்தேன். அவன் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். காதில் ஜேசிபி சத்தம் விழுந்தது.

"கோமதி அக்கா வந்திருக்காவ" என்றான். "கார்லயே உக்காந்திருக்காவ. எறங்கல."

"அழுதாவளா?"

"இல்ல. எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டாவ. இங்கன எந்த ரூம்ல எங்கண்ணன் படுப்பான்னு ஒங்களுக்குத் தெரியுமான்னு. எனக்கு எப்பிடித் தெரியும்? தெரியாதுன்னேன். அவியளுக்கும் மறந்துட்டாம்."

இவ்வளவு நாள் அந்த வீட்டில் படுத்து எழுந்த எங்களில் யாருக்கும் அது தெரியாது. எந்த அறை என்று இனி யாரும் காட்டவும் முடியாது.

இடம் சுத்தமாகி வேலி போட்டார்கள். பலாமரமும் போய்விட்டது என்று பொங்கலுக்குப் பேசும்போது சொன்னான். ரீசார்ஜ் கடை எப்போதோ படுத்துவிட்டிருந்தது. எல்லோரும் அவரவர் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள். மூத்த மகள் நர்சிங் படிப்பு. காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இல்லாமல் அவன் ரோட்டில் நடந்துவிட்டு வருவதாக அவன் மனைவி என்னிடம் தனியாகச் சொன்னாள். சித்திரையில் அவன் மச்சினன் மஸ்கட்டில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்கு விசா அனுப்பினான். நாற்பத்தெட்டு வயதில் முதல்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்து, முதல்முதலாக விமானம் ஏறினான். குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். அப்பா பேர்தான் என்றான்.

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

இந்த ஜூன் மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். மூச்சு வாங்கினான். அங்கே வெயில் சூளை மாதிரி இருக்கிறதாம். குடோன் வாசலில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு ஃபேன். சாப்பாடு பரவாயில்லை. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை, கூட இருக்கிறவன் பேசுகிற மொழி என்னவென்றே தெரியவில்லை என்றான். போகப் போகச் சரியாகும் என்றேன். எனக்குச் சரியாகவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு கேட்டான்:

"ஏலே, ஊர்ல சாரல் விழுந்துட்டாமா?"

இத்தனை வருஷமும் அதை எனக்குச் சொன்னவன் அவன்தான்.

"தெரியலையே" என்றேன்.

"ஒனக்கும் தெரியாதா?"

"இல்ல."

"சரி. யார்ட்டயாவது கேப்போம்" என்றான்.

யாரிடம் என்று நான் கேட்கவில்லை.